புக்கிட் பாஞ்சாங்கில் நின்ற வண்டி

சேகர்,

நலம் விசாரித்து ஒரு வரி எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். போன வியாழக்கிழமைதான் உன்னை நேரில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தாய். நன்றாகச் சாப்பிட்டாய், நன்றாகச் சிரித்தாய், கிளம்பும்போது நன்றாக ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனாய். ஒரே ஊரில் இருந்துகொண்டு, ஒரு பஸ் ஏறினால் நீ இருக்கும் குவீன்ஸ்டவுனுக்கு வந்து சொல்லிவிடக்கூடியதை இந்த அம்மா ஏன் தபாலில் அனுப்புகிறாள் என்று நீ நினைக்கலாம். நேரில் சொன்னால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய். நீ போகாவிட்டால் நான் பாதியில் அழுதுவிடுவேன், அதைப் பார்த்துப் பாவம் என்று மன்னித்துவிடுவாய். அப்படிச் சுலபமாக மன்னிக்கப்படுவதற்காக நான் இதைச் சொல்ல வரவில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுக்கப் படி. மீனாவையும் படிக்கச் சொல். அவளுக்கும் தெரியவேண்டிய விஷயம்தான் இது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நீங்கள் இருவரும் குளுவாங் போகிறீர்கள். அங்கே ஒரு தோட்டத்தில் பம்பும் எஞ்சினும் பார்த்துக்கொள்ளும் வேலை, குடியிருக்க வீடு, எல்லாம் நல்லபடியாக அமைந்திருக்கிறது. உன் அப்பா ஸ்டேஷனுக்கு வரமாட்டேன் என்கிறார். "அவனுக்குச் சங்கடம் வேணாம், நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். இப்படியே நீ ரயில் ஏறிவிட்டால் அடுத்து எப்போது வருவாய், வந்தாலும் அவரோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவாயா என்பது எனக்குத் தெரியாது. அவருக்கு ஐம்பத்தைந்து ஆகிறது. வலது கண்ணில் புரை விழுந்து பாதி மறைத்துவிட்டது. ஏழு வருஷமாக நீ அவரிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் இந்தக் கடிதத்தின் ஒரு பக்கம்கூட நிறையாது. "சாப்பிட்டீங்களா", "வரேன்பா", "சரி". அவ்வளவுதான். அதற்குக் காரணம் அவர் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பாதியில் மடித்து வைத்தாலும் இந்த ஒன்றாவது உன்னிடம் வந்து சேர்ந்திருக்கட்டும்.

வியாழக்கிழமையில் இருந்து தொடங்குகிறேன். சம்பந்தி வீட்டாரும் இருந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்த நேரத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து தன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். "தோட்டத்துல ஒரு வண்டி வேணும்ல. இன்னும் ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சிடும். ரயில்ல ஏத்தி அனுப்பிடுறேன்" என்றார். இந்த மூன்று வாக்கியத்தை அவர் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார். முகம் மழிக்கும்போது சொல்லிப் பார்த்தார். நீ சாவியைப் பார்த்தாய், அவரைப் பார்க்கவில்லை. "நடு ரோட்டுல நிக்கிற வண்டி எனக்கு வேணாம்லா. ஸ்பேனர் எடுத்து வைக்கவே தெரியாதவரு ரிப்பேர் பண்ணின வண்டியில என் பொண்டாட்டிய ஏத்திட்டுப் போக எனக்குத் தைரியம் இல்ல" என்றாய். உன் மாமனார் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். மீனா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சாவியைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வெளியில காத்து நல்லா இருக்கு" என்று வாசல் நடைபாதைக்கு, அஞ்சடிக்குப் போய்விட்டார். அன்று காற்றே இல்லை. எனக்குத் தட்டைத் தூக்கி உன் மேல் எறியலாம் போல இருந்தது. அதைவிட அதிகமாக என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த வண்டிக்கு ஒரு மாதமாக என்ன நடந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணத் தேதி குறித்த மறுநாளே அவர் அதை அஞ்சடியில் இழுத்துப் போட்டுப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு கோளாறு இருந்தது. ஒன்று, பக்கத்து ஜாலான் புசார் தெரு வரை ஓட்டிவிட்டு வந்தாலே எஞ்சின் கொதித்தது. பக்கத்தில் நிற்க முடியாது. இரண்டு, அடிக்கடி பியூஸ் போனது. புதுப் பியூஸ் போட்டால் ஒரு தெரு ஓடும், பிறகு மறுபடியும் செத்துவிடும். அவருக்குக் காது நன்றாக இருக்கிறது, கையும் நன்றாக இருக்கிறது, கண்தான் இல்லை. அதனால் நான் கண் ஆனேன். சமையலை முடித்துவிட்டு ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். "அந்தச் சேப்பு ஒயர் எங்க போகுது பாரு" என்பார். "டேங்குக்கு அடியில போகுதுங்க" என்பேன். "அங்க இருந்து?" என்பார். எதிர்க்கடை நகை ஆசாரி வந்து நின்று, "என்னம்மா, வீட்டுக்காரருக்கு அசிஸ்டெண்டா?" என்று கேலி செய்தார். "அசிஸ்டெண்ட் இல்ல, இன்ஸ்பெக்டர்" என்றேன்.

பியூஸ் போகிற காரணத்தை நான்தான் கண்டுபிடித்தேன், பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். ஹேண்டிலை இடது பக்கம் திருப்பும்போது மட்டும் அது போவதைக் கவனித்தேன். நேராக வைத்தால் போவதில்லை, வலது பக்கம் திருப்பினாலும் போவதில்லை. அவரிடம் சொன்னதும் விளக்குக்குப் பின்னால் ஒயர்க் கட்டு போகும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் ஒயர் இரும்பில் உராய்ந்து உராய்ந்து, மேல் துணியும் ரப்பரும் போய், அரை அங்குலத்துக்குச் செம்பு வெளியில் தெரிந்தது. இடது பக்கம் திருப்பினால் அந்தச் செம்பு நேராக இரும்பைத் தொட்டது. புது ஒயர் போட்டு, சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி அதற்கு உறையாகச் சுற்றினோம். கொதிப்புக்கு ஒரு காரணம் இல்லை, மூன்று காரணம். எஞ்சினைச் சுற்றியிருக்கும் இரும்பு இதழ்களுக்கு நடுவில் பழைய எண்ணெயும் மண்ணும் கல்லாக இறுகிக் காற்றே நுழையாமல் அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி இரண்டு நாள் எடுத்தேன். கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் அடைப்புத் தாள் கிழிந்து காற்று கள்ளத்தனமாக உள்ளே போனது. அதையும் மாற்றினார். மூன்றாவது காரணம் பாயிண்ட். அந்தச் சின்ன வட்ட மூடிக்குள் திறந்து மூடித் திறந்து மூடி நெருப்புப்பொறியை அனுப்புமே, அதன் இடைவெளி குறைந்துபோயிருந்தது. இடைவெளி குறைந்தால் பொறி பிந்தி வருகிறது, பிந்தினால் எஞ்சின் சூடேறுகிறது, இழுவை போகிறது, கடைசியில் நின்றே விடுகிறது. இதை அவர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே இடம் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த இடத்துக்குத்தான் வருகிறேன். உனக்குப் பதினெட்டு வயது. ஜொகூர் பாருவில் நில அளவைப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், காலை ஒன்பதரைக்கு நேர்காணல் என்று கடிதம் வந்தது. அந்த நாள் விஜயதசமியாக இருந்தது. இதைவிட நல்ல நாள் கிடைக்குமா என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ முந்தின நாளே பஸ்ஸில் போய் அங்கே உன் நண்பன் வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்றாய். அவர்தான் விடவில்லை. "நான் எதுக்கு இருக்கேன்? ஒரு மணி நேரத்துல கொண்டு போய் வாசல்ல எறக்கி விடுறேன்" என்றார். அதில் கொஞ்சம் ஆசை, கொஞ்சம் ஜம்பம். மகன் அதிகாரி ஆகப்போகும் இடத்தின் வாசலில் தன் வண்டியை நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தத் தப்பை அவர் கணக்கிலேயே வைத்துக்கொள், நான் குறுக்கே வரமாட்டேன்.

முந்தின நாள் ஆயுத பூசை. வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சிராங்கூன் ரோட்டில் கட்டி வாங்கிய மாலையை விளக்கின் மேல் போட்டோம். உள்ளே பலகையில் உன் புத்தகங்கள், என் கத்தரிக்கோல், அரிவாள்மணை, அவருடைய பேனா எல்லாம் வைத்தேன். ஸ்பேனர் பையைக் கேட்டேன். அந்தப் பச்சைக் கான்வாஸ் பை உனக்குத் தெரியும், சுருட்டிக் கயிறு கட்டி வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் வைத்திருப்பார். கொடுக்க மாட்டேன் என்றார். "காலையில வண்டி எடுக்கணும். பூசையில வச்சா நீ மறுபூசை முடியாம தொடவிடமாட்டே. அது வண்டியிலயே இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் உன் அத்தை பக்கத்தில் இருந்தாள். அவள் முன்னால் அவர் வேண்டாம் என்றதும், அவள் உதட்டைச் சுழித்துச் சிரித்ததும் எனக்குச் சுருக்கென்று பட்டது. ஆயுத பூசைக்கு ஆயுதமே இல்லை என்றால் என்ன பூசை என்று மனசுக்குள் முனகிக்கொண்டேன். அவர் உன் அத்தையைப் பஸ் ஏற்றிவிடப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து பையை எடுத்துவந்து பலகையில் வைத்தேன். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, திரும்பச் சுருட்டி, உன் புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். பெட்டி வெறுமையாக இருக்கக்கூடாது என்று ஒரு விபூதிப் பொட்டலத்தை அதற்குள் வைத்தேன். காலையில் நீங்கள் இருவரும் எழுந்திருக்கும் முன் மறுபூசையை முடித்து, யாருக்கும் தெரியாமல் பையைத் திரும்ப வைத்துவிடலாம் என்பது என் திட்டம். பாதி பக்தி, பாதி வீம்பு. வீம்புதான் கொஞ்சம் கூடுதல்.

காலையில் என்ன ஆனது என்றால், நான் நினைத்ததைவிட முன்னாலேயே அவர் எழுந்துவிட்டார். உன் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டியிருந்தது. நீ ஒரு பொத்தானை வேறு பிய்த்துவைத்திருந்தாய். அதைத் தைத்து, இட்லி ஊற்றி, உன் சான்றிதழ்களைப் பெரிய உறையில் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி அனுப்புவதற்குள் ஸ்பேனர் பை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. நான் நிம்மதியாகப் போய்க் குளித்துவிட்டு, மறுபூசைக்கு விளக்கேற்றினேன். சூடம் காட்டும்போதுதான் புத்தகங்களுக்குப் பின்னால் பச்சையாகத் தெரிந்தது. கையில் சூடத்தட்டோடு அப்படியே நின்றேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு சிராங்கூன் ரோடு முனை வரை ஓடினேன். நீங்கள் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. எதற்காக ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பி வந்து பையைப் பலகையிலேயே வைத்துவிட்டு, இன்று ஒரு நாள் மட்டும் அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று சாமி முன்னால் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை அடுப்புப் பற்றவைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத்தான் தெரியும். நீ அன்று வீட்டுக்கு வந்து கத்தியதில் இருந்து எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்திக்கொள். புக்கிட் தீமா ஏழாவது மைல் தாண்டியதும் வண்டியின் இழுவை குறைந்திருக்கிறது. முழங்காலில் அனல் அடிக்கிறது என்று நீ சொல்லியிருக்கிறாய். அவர் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டியும், புக்கிட் பாஞ்சாங் கடைகளுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. எட்டு மணிகூட ஆகவில்லை. ஆற விட்டு மிதித்தீர்கள், அரை மைல் ஓடி மறுபடியும் நின்றது. ஹாரன் அடித்தது, விளக்கு எரிந்தது. அதனால் கோளாறு பேட்டரியில் இல்லை, பாயிண்ட்டில்தான் என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. "அஞ்சு நிமிஷம்டா, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். உள்ளே கையை விட்டவர் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார், பிறகு பெட்டியை மூடிவிட்டார் என்று நீ சொன்னாய். "ஸ்பேனரும் இல்ல, திருப்புளியும் இல்ல. மறந்துட்டேன்டா" என்றாராம். "மறந்துட்டீங்களா? இன்னிக்கா?" என்று நீ கேட்டாயாம்.

மூடியின் திருகுகளை ஒரு காசை வைத்துத் திருப்பிக் கழற்றியிருக்கிறார். உள்ளே இருந்த சின்னத் திருகுக்குக் காசு நுழையவில்லை. வீட்டுச் சாவியின் நுனியால் முயன்றார், பெல்ட்டின் ஊசியால் முயன்றார், நகத்தால் முயன்றார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. காப்பிக் கடையில் கேட்டீர்கள், வெண்ணெய் தடவும் தடிமனான கத்திதான் இருந்தது. சைக்கிள் கடை மூடியிருந்தது. மேல்மாடியில் இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "பெலும் புக்கா", இன்னும் திறக்கவில்லை என்று மலாயில் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டாள், பத்து மணிக்குத்தான் திறக்கும் என்றாய். ஜொகூர் பஸ் ஒன்று வந்தது. நீ ஏற ஓடினாய். "இரு, சரியாயிடும், பஸ்ஸவிட நான் முன்னால போயிடுவேன்" என்று உன் கையைப் பிடித்து நிறுத்தினார். அடுத்த பஸ் நிறைய ஆட்களோடு நிற்காமலேயே போய்விட்டது. அந்தக் கையைப் பிடித்த தப்பும் அவருடையதுதான். அவர் தெய்வம் என்று நான் சொல்ல வரவில்லை. பத்து மணிக்குக் கடைக்காரர் கதவைத் திறந்து ஒரு சின்னத் திருப்புளி கொடுத்தார். தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தால் பாயிண்ட்டைத் தேய்த்து, சிகரெட் அட்டையில் ஒரு துண்டைக் கொடுத்து இடைவெளி வைத்து, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். நீங்கள் போய்ச் சேரும்போது பதினொன்று. பெயர் கூப்பிட்டு முடித்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

நீ வீட்டுக்குள் வந்து உறையைச் சுவரில் எறிந்தாய். "இவரு ஒரு அப்பாவா? மாலை போடத் தெரியுது, பொட்டு வைக்கத் தெரியுது, ஸ்பேனர் எடுத்து வைக்கத் தெரியல. என் லைஃப் போச்சு" என்று கத்தினாய். பலகை உள் அறையில் இருந்தது. பச்சைப் பை அதன் மேல் இருந்தது. நான் நடுவில் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை, "நான்தான்டா எடுத்தேன்" என்ற ஒரு வார்த்தை போதும். வாய் வரை வந்தது. நீ என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கம்மா" என்றாய். உன் கண்ணில் என் மேல் அத்தனை நம்பிக்கை. அதை இழக்க எனக்குப் பயமாக இருந்தது. நான் உன் தோளைத் தட்டி, "விடுடா, அவருக்கு வயசாகுது" என்றேன். அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை, இரண்டு வருஷம் இருந்தது. சொல்லாமல் இருந்தது மட்டும் இல்லை, அவர் தலையில் நானும் ஒரு கல்லை எடுத்து வைத்தேன். அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் அந்த விபூதிப் பொட்டலம் இருந்தது. அதன் மேல் கறுப்பாக எண்ணெய்க் கட்டைவிரல் தடம். நடுரோட்டில், நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, பெட்டிக்குள் கைவிட்ட அந்தக் கணத்திலேயே யார் எடுத்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு, பொட்டலத்தை உன் கண்ணில் படாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "மறந்துட்டேன்டா" என்று சொல்லியிருக்கிறார். உள் அறைக்குப் போய்ப் பார்த்தேன். பலகையில் பை இல்லை. அவரே எடுத்து வண்டியில் வைத்துவிட்டார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஆயுத பூசை அன்று, நான் கேட்காமலேயே அவர் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "முடிஞ்சதும் குடுத்துடு" என்றார். இந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான்.

இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்பாய். பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதியையும் சொல்கிறேன், கேள். நீ அவரிடம் இருந்து விலகிய அளவுக்கு என் பக்கம் வந்தாய். கிடங்கில் மூட்டைக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குப் போய்க்கொண்டு, சாயங்கால வகுப்புக்கும் போய் நீ தள்ளாடிய அந்த வருஷங்களில், எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னாய். முதல் சம்பளத்தில் எனக்குத்தான் சேலை வாங்கினாய், அவருக்கு ஒரு வேட்டி எடுக்கவில்லை. மீனாவைப் பற்றி என்னிடம்தான் முதலில் பேசினாய். எனக்கு அது சுகமாக இருந்தது, சேகர். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அவருக்குச் சேரவேண்டிய பங்கையும் சேர்த்து நானே தின்றேன். நீ அவரைக் குத்திப் பேசும்போதெல்லாம் உள்ளுக்குள் எரியும், ஆனால் வாயைத் திறந்தால் நீ என்னையும் அப்படிப் பார்ப்பாயே என்று அடக்கிக்கொள்வேன். ஒரு நாள் தள்ளிப் போட்டது ஏழு வருஷம் ஆகிவிட்டது.

புதுக்குடித்தனம் போகிறவர்களுக்குப் பெற்றவர்கள் புத்தி சொல்வது வழக்கம். நான் சொல்லத் தகுதி உள்ளது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் ஒரு தப்பு நடந்தால் அன்றைக்கே, அந்தச் சூட்டிலேயே ஒப்புக்கொண்டுவிடு. மீனா நாலு திட்டுத் திட்டுவாள், ஒரு வேளை சோறு போடமாட்டாள். அதோடு போய்விடும். தள்ளிப்போட்டால் அதைச் சுமக்க வீட்டில் இன்னொருவர் வேண்டியிருக்கும். மற்றபடி வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். அது சூடானால் நிறுத்திவிட்டுத் தானாக ஆறவிடு. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதே, இரும்பு வெடித்துவிடும். முதலில் எண்ணெய் இருக்கிறதா பார், பிறகு பாயிண்ட்டைப் பார், பிறகு மற்றது. விளக்கு எரிகிறது என்பதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்காதே. வண்டியைத்தான் சொல்கிறேன், உன்னை இல்லை. நீயாக ஏதாவது எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

வியாழக்கிழமை நீங்கள் எல்லாரும் போன பிறகு நான் அஞ்சடிக்குப் போனேன். அவர் வண்டியின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, போட வேண்டிய திருகைத் தரையில் தடவித் தேடிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தேன். "நான் அவனுக்கு எழுதிடப் போறேங்க" என்றேன். என்ன எழுதப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. திருகை முடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "வேணாம்" என்றார். "ஏன் வேணாம்? இன்னும் எத்தனை நாளைக்கு நீங்க கேட்டுக்கிட்டு இருப்பீங்க?" என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார். எந்தக் கண்ணால் பார்த்தார் என்று தெரியவில்லை.

"அவன் கோவம் எனக்குப் பழகிடுச்சு. உனக்குப் பழக்கம் இல்ல. நீ தாங்கமாட்டே, விடு" என்றார்.

அவர் பேச்சை மீறி எழுதிவிட்டேன். கட்டினவள் சொல் கேட்கவில்லை என்று அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அதையாவது அவர் எனக்குக் கொடுக்கட்டும். நாளைக் காலையில் இதைத் தபாலில் போடுவேன், வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் இருக்கும். நீ என்னிடம் பேசாமல் இருக்கலாம், கடிதத்தைக் கிழிக்கலாம், ஸ்டேஷனில் என் முகத்தைப் பார்க்காமல் ரயில் ஏறலாம். ஏழு வருஷம் அவர் வாங்கிக்கொண்டார், நான் ஒரு நாளாவது வாங்கிக்கொள்ள மாட்டேனா. ஆனால் சனிக்கிழமை வீட்டுக்கு வா. என்னைப் பார்க்க வேண்டாம், நான் கோயிலுக்குப் போய்விடுகிறேன், திரும்பி வர நேரமாகும். அவர் அஞ்சடியில்தான் இருப்பார். பாயிண்ட் இடைவெளியைக் கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்கிறார், அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல நல்ல கண் ஒன்று வேண்டும்.

உன் அம்மா